சிவப்பாக இல்லாத சிவப்பு உடை

1938-ல் வெளிவந்த 'ஜெஸபெல்' படத்தில் ஒரு நடன விருந்து வருகிறது. கதை நடப்பது 1850-களின் நியூ ஆர்லியன்ஸில். கல்யாணம் ஆகாத பெண்கள் அந்த விருந்துக்கு வெள்ளை உடுத்தித்தான் வர வேண்டும் என்பது ஊர் வழக்கம். பெட் டேவிஸ் நடித்த கதாநாயகி, கட்டிக்கொள்ளப் போகிறவன் மேலிருக்கிற கோபத்தில், வேண்டுமென்றே சிவப்பு கவுன் போட்டுக்கொண்டு போகிறாள். ஆடிக்கொண்டிருந்த ஜோடிகள் ஒவ்வொன்றாக ஒதுங்குகின்றன. கடைசியில் அத்தனை பெரிய கூடத்தின் நடுவே அவளும் அவனும் மட்டும். படம் கறுப்பு வெள்ளை. ஆனாலும் பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் அந்தச் சிவப்பு கவுன் என்றுதான் சொல்வார்கள்.

உண்மையில் அந்தத் துணி சிவப்பே இல்லை. வெண்கல நிறத்து சாட்டின் என்று சொல்வார்கள். அசல் சிவப்பைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பிடித்தால் மந்தமான அடர் நிறமாகத் தெரியும், உயிர் இருக்காது. சுற்றிலும் வெள்ளை கவுன்கள் மிதக்கும்போது நடுவில் ஒன்று மட்டும் அடர்த்தியாக, அதே சமயம் விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளக்கவும் வேண்டும். மீதியைப் பார்ப்பவரின் மனசு நிரப்பிக்கொள்ளும். இதைத் தைக்க வைத்தவர் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவின் ஆடை வடிவமைப்பாளர் ஆரி-கெல்லி.

பழைய ஹாலிவுட் உடைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கவர்ச்சி, ஆடம்பரம், ஃபேஷன் என்றே பேச்சு போகிறது. தப்பில்லை. ஆனால் அந்த உடைகளைச் செய்தவர்களின் வேலை கடைக்குத் துணி தைப்பதிலிருந்து முற்றிலும் வேறானது. மனிதக் கண்ணுக்காக அவர்கள் தைக்கவில்லை. ஒரு லென்ஸுக்காக, ஒரு வகை ஃபிலிமுக்காக, மேலே தொங்கும் மைக்குக்காக, கத்தரியோடு உட்கார்ந்திருக்கும் தணிக்கைக்காரருக்காகத் தைத்தார்கள். நேரில் பார்த்தால் விசித்திரமாக இருக்கும் ஒன்று திரையில் சரியாக அமைந்துவிட்டால் போதும். இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தால்தான் ஏட்ரியன், ஈடித் ஹெட் போன்ற ஸ்டுடியோ வடிவமைப்பாளர்கள் ஏன் அப்படிப்பட்ட உடைகளைச் செய்தார்கள் என்பது விளங்கும்.

முதலில் ஃபிலிமைப் பார்ப்போம். மௌனப் படக் காலத்தில் பெரும்பாலும் ஓடிய ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சமே தெரியாது. உதட்டுச் சாயம் கறுப்பாகிவிடும். வெளிர் நீலம் வெள்ளையாகிவிடும். 1920-களின் பிற்பகுதியில் எல்லா நிறத்தையும் உணரும் பாங்க்ரோமாட்டிக் ஃபிலிம் பரவியது. அப்போதும் நிறம் திரைக்கு வருவது சாம்பலின் ஏதோ ஒரு படியாகத்தான். பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கண்ணுக்குச் சண்டை போடும். ஃபிலிமில் இரண்டும் ஒரே சாம்பலாகிச் சேர்ந்துவிடலாம். தும்பைப்பூ வெள்ளையோ விளக்கு வெளிச்சத்தில் கூசி, துணியின் மடிப்பு எதுவும் தெரியாமல் வெறும் வெளிச்சத் திட்டாகிவிடும். அதனால் வெள்ளைச் சட்டையைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் கொஞ்சம் பழுப்பேற்றிவிட்டுத்தான் செட்டுக்கு அனுப்புவார்கள். திரையில் நீங்கள் பார்க்கிற வெள்ளை பெரும்பாலும் வெள்ளை கிடையாது.

ஈடித் ஹெட்டின் அடையாளமாகிவிட்ட அந்த வட்டக் கறுப்புக் கண்ணாடியின் தொடக்கமும் இதுதான். ஆரம்பத்தில் அவர் போட்டுக்கொண்டது நீல நிறக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் நிறங்கள் அடங்கி, கறுப்பு வெள்ளையில் இந்த உடை எப்படி வரும் என்று ஓரளவு பிடிபடும். அப்புறம் அதுவே அவருடைய முகமாகிவிட்டது.

நிறம் கைகொடுக்காத இடத்தில் துணியின் பரப்புதான் பேச வேண்டும். சாட்டின் வழுக்கும், வெல்வெட் வெளிச்சத்தை விழுங்கும், சமிக்கி தெறிக்கும், சிஃபான் ஊடுருவ விடும். முப்பதுகளின் படங்களில் இத்தனை சாட்டினும் இறகும் சமிக்கியும் கொட்டிக் கிடப்பதற்குக் காரணம் பணத் திமிர் மட்டும் இல்லை. பாரமவுண்ட் ஸ்டுடியோவின் டிராவிஸ் பான்டன் 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' (1932) படத்தில் மார்லீன் டீட்ரிச்சுக்குச் செய்த உடையைப் பாருங்கள். தலையிலிருந்து கழுத்து, தோள் வரை கறுப்புச் சேவல் இறகு, முகத்தில் கோடு கோடாக வலை. கறுப்பைப் படம்பிடிப்பது ஒளிப்பதிவாளருக்கு எப்போதும் தலைவலி. வெறும் கறுப்புத் துணி திரையில் ஓட்டை மாதிரி விழும். இறகுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு இழையின் நுனியும் ஒரு பொட்டு வெளிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒளிப்பதிவாளர் லீ கார்ம்ஸுக்கு அந்தப் படத்துக்காக ஆஸ்கர் கிடைத்தது. பான்டனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உடைகளுக்கென்று அப்போது விருதே இல்லை.

பேசும் படம் வந்ததும் இன்னொரு சனியன் சேர்ந்தது. டஃபேட்டா போன்ற மொடமொடப்பான துணிகள் நடக்கும்போது சரசரக்கும். மணிகள் ஒன்றோடொன்று உரசும். தொடக்க கால மைக்குகளுக்கு வசனமும் தெரியாது, பாவாடையும் தெரியாது. எல்லாம் ஒரே சத்தம்தான். ஒரு துணியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதைக் கசக்கிக் காதருகில் வைத்துப் பார்க்க வேண்டிய நிலைமை.

இந்தக் காலத்தின் ராஜா ஏட்ரியன். முழுப் பெயர் ஏட்ரியன் அடால்ஃப் கிரீன்பர்க், 1903-ல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். 1928 முதல் 1941 வரை எம்ஜிஎம் ஸ்டுடியோவின் தலைமை வடிவமைப்பாளர். 'கவுன்கள்: ஏட்ரியன்' என்ற ஒற்றை வரி படத்தின் தொடக்கத்தில் வந்தால் தியேட்டரில் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்த காலம் அது. 'டின்னர் அட் எய்ட்' (1933) படத்தில் ஜீன் ஹார்லோவுக்கு அவர் செய்த வெள்ளை சாட்டின் கவுன் துணியைக் குறுக்குவாட்டில், தையற்காரர்கள் கிராஸ் கட் என்று சொல்வார்களே, அப்படி வெட்டித் தைத்தது. நேராக வெட்டிய துணி உடம்பிலிருந்து தள்ளி நிற்கும்; கிராஸாக வெட்டியது இழுபட்டு உடம்போடு ஒட்டும், தண்ணீர் ஊற்றியதுபோல் வழியும். பாரிஸில் மாடலேன் வியோனே பிரபலப்படுத்திய உத்தி இது. ஆனால் இப்படி ஒட்டிக்கிடக்கும் சாட்டினில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் போதும், மடியில் விழுந்த சுருக்கம் அடுத்த ஷாட்டில் பல்லிளிக்கும். அதனால் நடிகைகள் ஷாட்டுக்கு ஷாட் உட்காருவதே இல்லை. கைப்பிடி வைத்த சாய்வுப் பலகை ஒன்று செட்டில் இருக்கும். அதன்மேல் நின்றவாறே சாய்ந்துகொள்ள வேண்டியதுதான். ஆறு வருஷம் கழித்து அதே ஸ்டுடியோவில் 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் தகர மனிதனும் அப்படித்தான் சாய்ந்துகொண்டான். உலகத்தின் மிகக் கவர்ச்சியான கவுனுக்கும் தகரச் சட்டைக்கும் ஓய்வு ஒரே பலகையில்.

ஏட்ரியனின் இன்னொரு கணக்கு, சட்டகம். பேச்சுப் படங்களில் நடிகை பெரும்பாலும் இடுப்புக்கு மேல்தான் தெரிகிறார். மேஜைக்குப் பின்னால், கார் ஜன்னலில், காதலன் தோளுக்கு மேலே. அப்படியானால் பாவாடையின் ஓரத்தில் எவ்வளவு வேலைப்பாடு செய்து என்ன பயன்? கழுத்து, தோள், கை, தொப்பி என்று முகத்தைச் சுற்றியுள்ள இடத்தில்தான் சரக்கை இறக்க வேண்டும். ஜோன் கிராஃபோர்டுக்கு இயல்பிலேயே தோள் அகலம். மறைக்கப் பார்த்தால் எடுபடாது என்று தெரிந்ததும் ஏட்ரியன் அதற்கு நேர்மாறாகப் பஞ்சு வைத்து இன்னும் அகலமாக்கினார். தோள் அகலமாக அகலமாக இடுப்பு தானாகச் சிறுத்துத் தெரிந்தது. குறை என்று சொல்லப்பட்டதே அந்த நடிகையின் முத்திரையானது. நாற்பதுகளில் பாதி உலகம் தோளில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்ததற்கு அவர் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். பெரிய பங்கு உண்டு.

கிராஃபோர்டு நடித்த 'லெட்டி லின்டன்' (1932) படத்தின் வெள்ளை ஆர்கண்டி (மெல்லிய, விறைப்பான பருத்தித் துணி) கவுன் தனிக் கதை. தோளிலும் கையிலும் ஃபிரில் மேல் ஃபிரிலாகப் பொங்கி நிற்கும் உடை அது. அப்போது பெரிய கடைகளுக்குள்ளேயே 'சினிமா ஃபேஷன்ஸ்' என்ற பெயரில் திரை உடைகளின் நகல்களை விற்கும் பிரிவுகள் இருந்தன. 1930-ல் தொடங்கிய வியாபாரம். இந்த கவுனின் நகல் மேசிஸ் கடையில் 50,000 விற்றது என்று சிலரும் 5 லட்சம் என்று சிலரும் எழுதுகிறார்கள். இரண்டுமே விளம்பரக்காரர்கள் கையிலிருந்து வந்த எண்கள் மாதிரிதான் எனக்குப் படுகிறது. நகல்கள் தெருவெல்லாம் நடந்தன என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், கதை ஒரு மேடை நாடகத்தைக் காப்பியடித்தது என்று வழக்குப் போட்டு, 1936-ல் தீர்ப்பு ஸ்டுடியோவுக்கு எதிராக வந்தது. படம் புழக்கத்திலிருந்து போய்விட்டது. பல பத்தாண்டுகள் படத்தை யாரும் பார்க்காமலேயே அந்தச் சட்டையின் ஃபிரிலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1941-ல் ஏட்ரியன் எம்ஜிஎம்மை விட்டுப் போனார். நட்சத்திர நடிகை கிரெட்டா கார்போவைப் பக்கத்து வீட்டுப் பெண்போல் காட்ட வேண்டும் என்று ஸ்டுடியோ நினைத்தது அவருக்கு ஒத்துவரவில்லை. பெவர்லி ஹில்ஸில் சொந்தக் கடை போட்டார். அடுத்த வருஷமே போர்க்காலத் துணிக் கட்டுப்பாடு வந்தது. எல்-85 என்ற அந்த ஆணை, பெண்கள் உடைக்கு எவ்வளவு துணி செலவழிக்கலாம் என்று வரம்பு போட்டது. ஃபிரிலுக்குப் பேர்போன மனுஷர் ஒட்ட வெட்டிய கோட்டு சூட்டுகளில் பிழைத்துக்கொண்டார். நன்றாகவே பிழைத்தார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏட்ரியன் செய்தார், பான்டன் தைத்தார் என்றெல்லாம் எழுதுவது பேச்சு வசதிக்குத்தான். ஸ்டுடியோவின் உடைப் பிரிவு ஒரு தொழிற்சாலை. தலைமை வடிவமைப்பாளர் மனசில் இருப்பதைப் படமாக வரைய ஓவியர்கள் தனியாக இருந்தார்கள். ஒவ்வொரு நட்சத்திரத்தின் அளவுக்கும் பஞ்சு வைத்துத் தைத்த பொம்மை உடம்புகள் வரிசையாக நிற்கும்; நடிகை எடை கூடினால் பொம்மைக்கும் பஞ்சு கூடும். மலிவான பருத்தித் துணியில் முதலில் வெட்டிப் பார்த்து, ட்ரையல் பார்த்து, பிரித்துத் திரும்பத் தைத்து, அப்புறம்தான் அசல் துணியில் கத்தரி விழும். மணி கோக்கவும் எம்பிராய்டரி போடவும் தனி மேஜைகள், நாள் முழுக்கக் குனிந்த தலைகள். எல்லாம் முடிந்தபின் கேமரா டெஸ்ட். இந்த வரிசையில் திரையில் பெயர் வருவது ஒருவருக்கு மட்டும்.

அந்த ஒருவர் என்ற நாற்காலியை யாரையும் விட நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் ஈடித் ஹெட். 1897-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் மொழிகளில் எம்.ஏ. படித்து, பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர். 1924 வாக்கில் பாரமவுண்டில் ஓவியர் வேலைக்கு ஆள் தேவை என்று தெரிந்து, தன்னோடு ஓவிய வகுப்பில் படித்தவர்களின் படங்களை வாங்கிக் கோப்பில் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். இத்தனை விதமாக வரைகிறாரே என்று அசந்துபோய் அங்கே தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஹாவர்ட் கிரியர் வேலை கொடுத்துவிட்டார். விஷயத்தைப் பிற்பாடு ஹெட்டே ஒப்புக்கொண்டார். கிரியருக்குப் பிறகு பான்டன், 1938-ல் பான்டன் போனபிறகு ஹெட். அதிலிருந்து 1967 வரை பாரமவுண்ட், பிறகு சாகும் வரை யுனிவர்சல். ஆஸ்கருக்கு 35 முறை பரிந்துரை, 8 முறை வெற்றி. அவரை மேதை என்று சொல்வதைவிட, மிகக் கெட்டிக்காரர் என்று சொல்வது பொருத்தம் என்பது என் எண்ணம். நடிகைக்கும் இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் நடுவில் நின்று, மூன்று பேரும் தங்கள் பேச்சுதான் எடுபட்டது என்று நினைத்துக்கொண்டு போகும்படி செய்ய அவருக்குத் தெரிந்திருந்தது. தான் மட்டும் எப்போதும் சாதாரண கோட்டு சூட்டில், பின்னால் நிற்கும் ஆள்போல.

'ஆல் அபௌட் ஈவ்' (1950) படத்தில் பெட் டேவிஸ் விருந்துக் காட்சியில் போட்டுக்கொண்ட கவுனுக்குத் தோள் மூடிய கழுத்துதான் வரைந்திருந்தார். படப்பிடிப்பு நாள் காலையில் போட்டுப் பார்த்தால், எங்கோ அளவு தவறி, மேல்பாகம் முழுக்கத் தொளதொளவென்று கிடக்கிறது. திருத்தித் தைக்க நேரம் இல்லை. இயக்குநரிடம் எப்படிச் சொல்வது என்று ஹெட் விழித்துக்கொண்டிருக்க, டேவிஸ் கழுத்தைப் பிடித்து இரண்டு தோளுக்கும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, தோளை ஒரு குலுக்குக் குலுக்கி, இப்படி இருந்தால் இன்னும் நன்றாக இல்லையா என்று கேட்டாராம். தோள் திறந்த அந்த கவுனோடுதான் படம் வந்தது. அந்த வருஷப் படங்களுக்கான விருது விழாவில் ஹெட்டுக்கு ஒரே இரவில் இரண்டு ஆஸ்கர். ஒன்று கறுப்பு வெள்ளைக்கு, இந்தப் படத்துக்காக. மற்றது வண்ணத்துக்கு, 'சாம்சன் அண்ட் டிலைலா'வுக்காக. உடைக்கான ஆஸ்கரே 1949 விழாவில்தான் தொடங்கியது, அதுவும் இப்படி இரண்டு பிரிவாக. (இதே விருதை 1983-ல் 'காந்தி'க்காக ஜான் மோலோவோடு பகிர்ந்துகொண்டார் பானு அத்தையா.)

இயக்குநர் ஹிட்ச்காக்கோடு ஹெட் செய்த வேலை வேறு வகை. எந்தக் காட்சியில் என்ன நிறம், ஏன் என்பதை ஹிட்ச்காக் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு வருவார். 'வெர்டிகோ' (1958) படத்தில் கிம் நோவக் சாம்பல் நிற சூட்டும் கறுப்பு ஷூவும் போட வேண்டும். நோவக்குக்குச் சாம்பல் பிடிக்கவே பிடிக்காது. எந்த நிறம் வேண்டுமானாலும் போடுகிறேன், இது வேண்டாம் என்றார். ஹெட் வாதாடவில்லை, இயக்குநரிடம் அனுப்பிவிட்டார். போனவர் சாம்பல் நிறத்தோடுதான் திரும்பி வந்தார். பொன் முடிக்காரிக்குச் சாம்பல் அவ்வளவாக எடுப்பாக இருக்காது, அதுதான் தேவையே. சான் பிரான்சிஸ்கோ மூடுபனிக்குள்ளிருந்து இப்போதுதான் வெளியே வந்தவள்போல் அவள் தெரிய வேண்டும். உடல் இறுகி, எதிலும் ஒட்டாமல் நடக்கும் அந்தப் பாத்திரத்துக்கு அந்த உடை கொடுத்த அசௌகரியம் உதவியது என்று நோவக் பின்னாளில் சொன்னார். நடிகைக்குப் பிடிக்காத உடை பாத்திரத்துக்குச் சரியாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஹெட்டின் பெயரில் ஒட்டிக்கொண்ட கறை 'சப்ரினா' (1954). கதைப்படி கதாநாயகி பாரிஸ் போய்விட்டு நாகரிகமாகத் திரும்புகிறாள். அந்தப் பாரிஸ் உடைகளைப் பாரிஸிலேயே வாங்கலாம் என்று முடிவாகி, ஆட்ரி ஹெப்பர்ன் 1953-ல் பாரிஸ் வடிவமைப்பாளர் ஊபேர் த ஜிவான்ஷியின் வாசலில் போய் நின்றார். மிஸ் ஹெப்பர்ன் வருகிறார் என்று சேதி போயிருந்தது; ஜிவான்ஷி எதிர்பார்த்தது ஏற்கெனவே பெரிய நட்சத்திரமான கேத்தரின் ஹெப்பர்னை! வந்து நின்றதோ அவ்வளவாகப் பெயர் தெரியாத ஒரு மெலிந்த பெண். புதிதாக எதுவும் செய்ய நேரமில்லை, இருப்பதில் பார்த்து எடுத்துக்கொள் என்றார். அவள் எடுத்தாள். ஒரு கழுத்தெலும்பிலிருந்து இன்னொன்று வரை நேர்க்கோடாகப் போகும் கழுத்து வெட்டுக்கு இன்றைக்கும் சப்ரினா நெக் என்று பெயர். படத்தின் டைட்டிலில் ஜிவான்ஷி பெயர் இல்லை. ஆஸ்கர் ஹெட்டுக்குப் போனது. அதில் எந்த உடையின் யோசனை யாருடையது என்ற வாதம் அவர்கள் காலத்துக்குப் பிறகும் ஓயவில்லை. சட்டப்படி ஹெட் செய்ததில் பிழையில்லை, துறைத் தலைவர் பெயர்தான் போகும் என்பது அன்றைய விதி. ஆனாலும் மேடையில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'ஃபன்னி ஃபேஸ்' (1957) வந்தபோது இருவர் பெயரும் சேர்ந்தே பரிந்துரைக்கப்பட்டன.

சரி, தணிக்கைக்கு வருவோம். 1934 நடுவிலிருந்து ஹாலிவுட்டின் ஒழுக்க விதிகள் கறாராக அமலுக்கு வந்தன. மார்புப் பிளவு, தொப்புள், ஊடுருவித் தெரியும் துணி எல்லாவற்றுக்கும் கேள்வி வரும். இதனால் வடிவமைப்பாளர்கள் கிட்டத்தட்ட பொறியாளர்களாக மாற வேண்டியதாயிற்று. 'கில்டா' (1946) படத்தில் ரீட்டா ஹேவொர்த் போடும் கறுப்பு சாட்டின் கவுனைப் பாருங்கள். தோளில் பட்டி கிடையாது, பாடிக்கொண்டே கையை வீசி ஆடுகிறார், கவுன் ஓர் அங்குலம் நகரவில்லை. ஜான் லூயி செய்தது அது. உள்ளே இறுக்கமான ஒரு கச்சை, நடுவிலும் இரண்டு பக்கங்களிலும் செங்குத்துக் கம்பிகள், மேல் விளிம்பில் சூடாக்கி உடம்புக்கேற்ப வளைத்த பிளாஸ்டிக் பட்டை. வெளியே வழியும் சாட்டின், உள்ளே கட்டடத்துச் சாரம். அந்தப் பாட்டில் அவர் கழற்றுவது நீளமான ஒரு கையுறையையும் கழுத்து நகையையும்தான். எதையும் காட்டாமல் எல்லாவற்றையும் நினைக்கவைப்பதற்கு இத்தனை கம்பி தேவைப்பட்டது.

மர்லின் மன்றோவின் இளஞ்சிவப்பு கவுன் இதற்கு மறுபக்கம். 'ஜென்டில்மென் ப்ரிஃபர் பிளாண்ட்ஸ்' (1953) படத்தின் வைரப் பாட்டுக்கு வில்லியம் டிரவில்லா முதலில் செய்தது வலைத்துணியும் கற்களும் மட்டுமான, அதாவது துணி என்று சொல்ல அதிகம் இல்லாத ஓர் உடை. அந்தச் சமயத்தில் மன்றோ முன்பு காலண்டருக்கு நிர்வாணமாக நின்ற படம் வெளியே வந்து பத்திரிகைகள் கொதித்தன. ஸ்டுடியோ பயந்துவிட்டது: நன்றாக மூடு. டிரவில்லா கெட்டியான சாட்டினுக்கு உள்ளே ஃபெல்ட் லைனிங் கொடுத்து, அட்டையை மடித்துச் செய்ததுபோல் விறைப்பான ஒரு கவுன் தைத்தார், முதுகுப்புறம் பெரிய வில் முடிச்சோடு. உடம்பு எங்கே வளைந்தாலும் துணி தன் வடிவத்தை விடாது. மூடச் சொன்னதற்காகச் செய்த உடைதான் பிற்காலத்தில் ஆயிரம் பேர் காப்பியடித்தது. முதலில் செய்ததே படத்தில் வந்திருந்தால் இன்றைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று தோன்றுகிறது.

கேமராவுக்காகத் தைத்தார்கள் என்ற என் வாதத்துக்கு இடக்கான ஒரு படமும் உண்டு. 'கான் வித் த விண்ட்' (1939). வால்டர் பிளங்கெட் வடிவமைத்தது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் பெண்களின் பாவாடைக்கு உள்ளே அசல் லேஸ் வைத்த உள்பாவாடைகளே வேண்டும் என்று நின்றார். கதாநாயகியின் தங்கையாக நடித்த ஆன் ரதர்ஃபோர்டு, யார் கண்ணுக்கும் தெரியாததற்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டிருக்கிறார். அது அங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமே என்பது செல்ஸ்னிக்கின் பதில். பணத்தை வீணடிப்பவர்கள் சொல்லும் சாக்கு மாதிரியும் இருக்கிறது. நடையில் அது தெரிந்துவிடும் என்பதும் உண்மைதான்.

அந்தப் படத்தின் பச்சை வெல்வெட் உடைக்கு வருவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் எல்லாம் போய், வரி கட்ட 300 டாலர் இல்லாமல், கதாநாயகி ஸ்கார்லெட் ஜன்னலின் திரைச்சீலையைக் கிழித்து உடை தைத்துக்கொண்டு பணக்காரி வேஷத்தில் கடன் கேட்கப் போகிறாள். பிளங்கெட்டுக்கு அதில் இரட்டை வேலை. ஸ்கார்லெட்டைப் பார்க்கும் ஆணுக்கு அது பகட்டான உடையாகத் தெரிய வேண்டும். நமக்கு அது திரைச்சீலை என்பது மறக்கக் கூடாது. திரைச்சீலை ஓரத்துக் குஞ்சத்தை அப்படியே விட்டார். அதைக் கட்டியிருந்த தடித்த கயிற்றையே இடுப்புக் கச்சையாக்கினார். நிமிர்ந்த தோளும் ஜன்னல் கயிறும் ஒரே உருவத்தில். அவளுடைய ஏழ்மை, ஆணவம் இரண்டையும் வசனம் பேசும் முன்பே உடை சொல்லிவிடுகிறது. அந்த உடை இன்று டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கிறது. 2010-ல் அதைச் சீரமைக்கப் பொதுமக்கள் 30,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். படம் வந்த காலத்தில் பிளங்கெட்டுக்கு விருது கிடையாது. 'அன் அமெரிக்கன் இன் பாரிஸ்' (1951) படத்துக்காக ஆரி-கெல்லியோடும் ஐரீன் ஷராஃபோடும் பகிர்ந்துகொண்ட ஒன்றே அவருக்குக் கிடைத்தது.

ஆரி-கெல்லி பற்றி இன்னும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் கையாமா என்ற கடலோர ஊர்க்காரர். மூன்று ஆஸ்கர் வாங்கியவர். 1964-ல் இறந்தபோது எழுதிவைத்திருந்த சுயசரிதை அச்சாகவில்லை. அரை நூற்றாண்டு அது சொந்தக்காரர் வீட்டில் ஒரு தலையணை உறைக்குள் கிடந்தது. 2015-ல்தான் புத்தகமாக வந்தது.

உடைகளுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். தொலைக்காட்சி வந்து, ஸ்டுடியோக்கள் இளைத்து, உடைப் பிரிவுகள் ஒவ்வொன்றாக மூடின. ஸ்டுடியோவைப் பொறுத்தவரை படம் முடிந்த உடை பழைய துணி. பிரித்துத் தைப்பார்கள், சாயம் போட்டுத் துணை நடிகைக்குக் கொடுப்பார்கள், வாடகைக்கு விடுவார்கள். 1970 மே மாதம் எம்ஜிஎம் தன் உடை, தட்டுமுட்டுச் சாமான் அத்தனையையும் மொத்தமாக விற்றுவிட, வாங்கியவர் நாள் கணக்கில் ஏலம் விட்டார். நடிகை டெபி ரெய்னால்ட்ஸ் போய் முடிந்த மட்டும் வாங்கிக் குவித்தார், ஒரு மியூசியம் வைக்க. நாற்பது வருஷம் முயன்றும் மியூசியம் அமையவில்லை. 2011-ல் அவரே ஏலத்துக்கு விட்டார். சுரங்க ரயில் காற்றில் பறந்த மன்றோவின் வெள்ளை ப்ளீட்ஸ் கவுன், அதுவும் டிரவில்லா செய்ததுதான், கமிஷன் நீங்கலாக 46 லட்சம் டாலருக்குப் போனது.

1970 ஏலத்துக்குப் பொருள்களைப் பிரித்து அடுக்கிய கென்ட் வார்னர் என்ற உடைப் பணியாளர், கிடங்கில் தூசிக்குள்ளிருந்து சில ஜோடி சிவப்பு ஷூக்களைக் கண்டெடுத்தார். 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்தில் ஜூடி கார்லண்ட் போட்டவை; ஏட்ரியன் வடிவமைத்தவை. மூலக் கதையில் அவை வெள்ளி ஷூக்கள். டெக்னிகலர் வண்ணத்தில் மஞ்சள் பாதை மேல் எடுப்பாக இருக்க வேண்டுமே என்று படத்தில் சிவப்பாக்கினார்கள். பளிச்சென்ற சிவப்பு அந்த ஃபிலிமில் ஆரஞ்சாக அடித்துவிடும். அதனால் சமிக்கி கருஞ்சிவப்பில். கார்லண்ட் போட்ட மேல்சட்டையின் வெள்ளையும் அசலில் வெளிர் இளஞ்சிவப்பு. ஷூவின் அடியில் ஃபெல்ட் ஒட்டியிருக்கிறது, ஆடும்போது டக்டக்கென்று சத்தம் மைக்கில் விழாமலிருக்க. சமிக்கி ஒவ்வொன்றும் ஜெலட்டின் தகடு. தண்ணீர் பட்டால் போய்விடும்.

அதில் ஒரு ஜோடி 15,000 டாலருக்கு ஏலம் போய், 1979-ல் ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு வந்தது. இன்னொரு ஜோடி 2005-ல் மினசோட்டாவில் ஒரு மியூசியத்திலிருந்து திருடுபோய், 2018-ல் எஃப்.பி.ஐ. மீட்டது. அசல்தானா என்று பார்க்க ஸ்மித்சோனியனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது: மியூசியத்தில் இத்தனை வருஷம் ஜோடி என்று வைத்திருந்த இடது வலது இரண்டும் ஒரு ஜோடியே இல்லை. திருடுபோய் வந்ததும் அப்படித்தான். இதன் துணை அதிலும், அதன் துணை இதிலுமாக எந்தக் காலத்திலோ மாறிப்போயிருந்தன. 2024 டிசம்பரில் மீட்ட ஜோடி 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு, கமிஷனோடு சேர்த்து 3 கோடியே 25 லட்சத்துக்கு, ஏலம் போனது. ஒற்றை ஷூ இன்னொன்றின் துணையோடுதான்.